அரசர் அனுமதிக்கும் வரை

கடிதம் எண் 1
திங்கட்கிழமை, 3 ஜூன் 2024, முற்பகல் 10.20
டனீடன்

மதிப்பிற்குரிய டாக்டர் பெஹிமானா கட்டேனே அவர்களுக்கு,

யூவன் மெர்சர் எழுதுவது. ஐம்பது ஆண்டுகளாகத் தங்களுக்கும் எனக்கும் கடிதப் போக்குவரத்து இல்லை. இதைப் பிரிக்காமலே அடுப்பில் இட்டிருந்தால் அது தங்கள் உரிமை. பிரித்திருந்தால், அருள்கூர்ந்து இறுதிவரை படிக்கவும்.

இன்று அரசர் பிறந்தநாள் விடுமுறை. கழக அலுவலகத்தில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. பணி ஓய்வுக்குப் பின் நான் இங்கே கௌரவ ஆவணக் காப்பாளராக இருக்கிறேன். அரச தென்கடல் மருத்துவர் கழகம் என்னும் நம் பெயரிலிருந்து ‘அரச’ என்ற சொல்லை நீக்கலாமா என்பது குறித்து 24 ஆகஸ்ட் 2024, சனிக்கிழமை, பொதுக்குழு வாக்கெடுக்க இருக்கிறது. அதன் பொருட்டுப் பழைய கோப்புகளைப் புரட்டியபோது, நாற்பத்தொன்றாம் பெட்டியில் தாங்கள் 29 மே 1974 அன்று எழுதிய கடிதத்தைக் கண்டேன்.

தாங்கள் உறுப்பினர் தேர்வில் முதலாவதாகத் தேறிய செய்தி வெளியான நாள் 5 மார்ச் 1974, செவ்வாய். தேறியவர் தொண்ணூறு நாள்களுக்குள் பதிவேட்டில் தம் கையால் ஒப்பமிட வேண்டும். அல்லது அவகாசம் கேட்டு எழுத வேண்டும். தவறினால் தேர்ச்சி செல்லாது. தொண்ணூறாம் நாள் 3 ஜூன் 1974, திங்கள். அன்று அரசியார் பிறந்தநாள் விடுமுறை. தங்கள் கடிதம் பூட்டிய அலுவலகத்தின் அஞ்சல் பெட்டியில் கிடந்தது. மறுநாள் அதை எடுத்து, 4 ஜூன் என்று முத்திரையிட்டு, ‘கெடு கடந்தது’ எனச் சிவப்பு மையில் எழுதியவர் உதவிப் பதிவாளர். அந்த உதவிப் பதிவாளர் நான்.

ஆயினும் விதி 22 கூறுவது இது: கெடுவின் கடைசி நாள் பொது விடுமுறையாயின், அடுத்த வேலை நாளே கடைசி நாளாகக் கொள்ளப்படும். எனவே தங்கள் கடிதம் உரிய காலத்தில் வந்ததேயாகும். அவ்விதி அன்று என் கவனத்துக்கு வரவில்லை. தவறு என்னுடையது; வருந்துகிறேன். தங்கள் தேர்ச்சியை மீட்டெடுக்குமாறு ஆட்சிக்குழுவுக்கு அறிக்கை அளிக்கத் தங்கள் இசைவை வேண்டுகிறேன்.

தங்கள் மகள் டாக்டர் ஹூயாவிடமிருந்து முகவரி பெற்றேன். உடல்நிலை பற்றியும் அறிந்தேன்.

பணிவுடன்,
யூவன் மெர்சர்

இணைப்பு: 29 மே 1974 கடிதத்தின் நகல் ஒன்று, விதி 22-இன் நகல் ஒன்று.


ஓபுனாகே
ஜூன் 14 என்று ஹூயா சொல்கிறாள்

டேய் யூவன்,

தாங்களாம், தங்களாம்! மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையில் நான்கு வருடம் கிடந்தோம். என் கம்பளிக் காலுறையை மாட்டிக்கொண்டு வார்டுக்குப் போனவன் நீ. ‘நீ’ என்று எழுது. இல்லையென்றால் அடுத்த கடிதம் அடுப்புக்குத்தான்.

உடல்நிலை பற்றி அறிந்தாயாம். கணையம். ஸ்கேன் படத்தைக் காட்ட அந்தச் சின்னப் பெண் டாக்டர் தயங்கினாள். “தள்ளிக்கம்மா, இந்த வயித்தோட எனக்கு எம்பது வருஷப் பழக்கம், நானே பாத்துக்கறேன்”னு சொல்லிப் படத்தை வாங்கிப் பார்த்தேன். கல்லீரலிலும் ஏறிவிட்டது. செப்டம்பரில் ஆற்று வாயில் பொடிமீன் பிடிக்கும் பருவம் வரை என்று என் கணக்கு. அவளுடையது இன்னும் குறைவு, சொல்லவில்லை.

உன் சிவப்பு மை என்ன செய்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். நியூ பிளிமத் பெரிய ஆஸ்பத்திரியில் இதய நோய் வேலை எனக்காகக் காத்திருந்தது. உறுப்பினர் அல்லாதவனுக்குக் கிடையாது என்றார்கள். இந்தக் கடற்கரை ஊரில் நாற்பத்தொரு வருடம் பொது வைத்தியம் பார்த்தேன். ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவான். என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு முழுக்கத் தெரியும். செய்யக் கருவியும் இல்லை, அதிகாரமும் இல்லை. ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு வாசலில் நின்று கையசைப்பேன். சிலர் பாதி வழியில் போனார்கள். பெயர்கள் என்னிடம் இருக்கின்றன.

நான் அன்று கேட்டது பெரிதில்லை. பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத் தலைப்பிலும் கிரீடமும் அந்தச் சொல்லும் இருக்கும். தலைப்பில்லாத ஒரு பக்கம் கேட்டேன், அது கிடைக்கும் வரை அவகாசமும் கேட்டேன். என் பாட்டனாரின் அப்பா பரிஹாகாவில், வெள்ளையர் அரசு எங்கள் பழங்குடியிடமிருந்து பறித்த தன் நிலத்தைத் தானே உழுதார். அதற்காகக் கப்பலில் ஏற்றி, விசாரணையே இல்லாமல், உங்கள் டனீடன் சிறையில் போட்டார்கள். அங்கே கல் உடைத்து அங்கேயே செத்தார். அவரைப் பிடித்த உத்தரவின் தலையிலும் அதே கிரீடம்தான். அதன் கீழே என் பெயரை எழுத என் கை வரவில்லை. இன்றும் வராது.

ஆனால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: எனக்கு அந்தப் பதிவேட்டில் என் பெயர் வேண்டும். சாவதற்கு முன் வேண்டும். நான் சம்பாதித்தது அது. அறிக்கை கொடு. வாக்கெடுப்பில் அந்தச் சொல் ஒழியட்டும். நீ புத்தகத்தைக் கொண்டு வா. ஆகஸ்ட் வரை தாங்குவேன்.

பெஹி


கடிதம் எண் 2
திங்கட்கிழமை, 1 ஜூலை 2024, பிற்பகல் 4.05
டனீடன்

அன்புள்ள பெஹி,

உன் கட்டளைப்படி ‘நீ’ என்றே எழுதுகிறேன். பேனா சற்றுத் தடுமாறுகிறது.

28 ஜூன் 2024, வெள்ளிக்கிழமை கூடிய ஆட்சிக்குழு என் அறிக்கையை ஏற்றது. உன் 1974-ஆம் ஆண்டுத் தேர்ச்சி செல்லும். இனி எந்த நாளிலும் நீ பதிவேட்டில் ஒப்பமிடலாம். புத்தகத்தை நானே விமானத்தில் கொண்டுவர அனுமதியும் பெற்றிருக்கிறேன்.

இனி எழுதுவது உனக்கு உவப்பாக இராது. நம் கழகம் 1931-இல் அரசப் பட்டயத்தால் அமைந்தது. பெயரும் பக்கத் தலைப்பின் வாசகமும் அப்பட்டயத்திலேயே உள்ளன. அதில் ஒரு சொல்லை மாற்றுவதற்கும் இரண்டு படிகள் உண்டு. முதலாவது, வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைய வேண்டும். இரண்டாவது, லண்டனில் அரசர் தம் ஆலோசனைச் சபையில் அமர்ந்து இசைவளிக்க வேண்டும். முன்னொரு முறை கூட்டம் நடத்தும் மாதத்தை மாற்ற விரும்பினோம். 9 மே 1996 அன்று மனு அனுப்பினோம். 14 ஜூலை 1997 அன்று பதில் வந்தது. தலைப்பில்லாத தாளில் ஒப்பமிட்டால் என்ன என்று வழக்கறிஞரிடம் கேட்டேன். அது தாள்தான், பதிவேடு ஆகாது என்றார்.

நாள்களை எண்ணிப் பார்த்தே இதை எழுதுகிறேன். ஆதலால் இப்போதுள்ள தலைப்பின் கீழேயே ஒப்பமிட்டுவிடுமாறு உன்னை மன்றாடுகிறேன்.

மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். 1988-லும் 2006-லும் இதே தீர்மானம் வந்தபோது எதிர்த்துப் பேசியவன் நான். யார் வேண்டுமானாலும் வைத்தியர் என்று பலகை மாட்டிய காலத்தில், அச்சொல்தான் பொய் வைத்தியரிடமிருந்து மக்களைக் காத்தது. நோயாளி சுவரிலுள்ள சான்றிதழில் அதைப் பார்க்கிறார். நம்பிச் சட்டையைக் கழற்றுகிறார். அந்த நம்பிக்கையை உருவாக்க இரண்டு தலைமுறை ஆயிற்று. இவ்வாறே இன்றும் எண்ணுகிறேன். எனினும் இம்முறை ஆதரித்து வாக்களிப்பேன்.

அன்புடன்,
யூவன்

இணைப்பு: ஆட்சிக்குழுத் தீர்மானத்தின் நகல் ஒன்று, பட்டயத்தின் ஒன்பதாம் பிரிவின் நகல் ஒன்று.


ஓபுனாகே, ஜூலை 16

(அப்பாவால் உட்கார்ந்து எழுத முடியவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். – ஹூயா)

யூவன், உன் லெட்டரைப் படிச்சுட்டுச் சிரிச்சதுல வயிறு வலிக்குது. ராஜா பேரை எடுக்க ராஜாகிட்டயே பர்மிஷன் கேக்கணுமா? வீட்டைவிட்டு ஓடிப்போற பொண்ணு, “கொஞ்சம் கதவைத் தொறந்துவிடுங்க”ன்னு அப்பனை எழுப்பின கதையால்ல இருக்கு! அந்த ஆளுக்கு இப்படி ஒரு கழகம் இருக்கிறதாவது தெரியுமா?

இப்பவே கையெழுத்துப் போடச் சொல்ற. மாட்டேன். அம்பது வருஷம் போடாம இருந்ததுக்கு ஒரு அர்த்தம் வேணும்ல. அந்தப் பேருக்கு வெளியில நின்னவங்களுக்குத்தான் அதோட கனம் தெரியும். உன் நோயாளி சுவத்துல அந்த வார்த்தையைப் பாத்துச் சட்டையைக் கழட்டுவார்னு எழுதியிருக்க. எங்க பக்கத்து ஆளு அதைப் பாத்தா இன்னொரு பொத்தானும் சேத்துப் போட்டுக்குவார். நாப்பத்தொரு வருஷம் பாத்தவன் சொல்றேன்.

ஆனா நீ எதிர்த்துப் பேசினதை ஒளிக்காமச் சொன்னியே, அது பிடிச்சுது. என் வீட்டுலயே ஒரு எதிரி இருக்கா. இதோ, எழுதிக்கிட்டிருக்காளே, அவதான்.

(நான் எதிராகத்தான் வாக்களிப்பேன், டாக்டர் மெர்சர். – ஹூயா)

கேட்டியா? இவ 2003-ல அந்தத் தலைப்புக்குக் கீழ கையெழுத்துப் போட்டா. நான் விழாவுக்குப் போகல. அதை இன்னும் மறக்கல. “ஏம்மா எதிர்க்கிற?”ன்னு நேத்துக் கேட்டேன். “அப்பா, நம்ம முன்னோர்கிட்ட ஒப்பந்தம் போட்டது அந்தக் காலத்து ராணி. நெலத்தைப் பிடுங்கினதும் அவங்க பேர்லதான். இப்ப பலகையைக் கழட்டி வெச்சுட்டு, ‘அதெல்லாம் பழைய கம்பெனி, நாங்க வேற’ன்னு சொல்லிட்டா, நாளைக்கு யார் சட்டையைப் பிடிப்பீங்க? அவங்க பேரை அவங்களே செமக்கட்டும். கழுவிக்க நான் தண்ணி ஊத்த மாட்டேன்”ங்கறா. அவ சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா அவளுக்கு நாப்பத்தெட்டு வயசு, காத்திருக்கலாம். எனக்கு முடியாது.

ஒண்ணு சொல்லணும் யூவன். அம்பது வருஷமா நீதான் என்னை வெளிய தள்ளினதா நெனச்சுக்கிட்டிருந்தேன். உன் பேரைச் சொன்னா இந்த வீட்டுல கதவு சாத்துவேன். இப்ப பாரு, வெறும் லீவு நாளு! ராணி பொறந்தநாள் வந்து என்னை வெளிய தள்ளியிருக்கு! பாக்கறவங்ககிட்டல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறேன். நல்லாத் தூங்கறேன். மாத்திரையால இல்ல.

புத்தகத்தை எடுத்துட்டு வர நாள் சொல்லு.

பெஹி


கடிதம் எண் 3
ஞாயிற்றுக்கிழமை, 25 ஆகஸ்ட் 2024, முற்பகல் 7.15
டனீடன்

அன்புள்ள பெஹி,

நேற்று வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தோர் 412. தேவை 275. ஆதரவு 291. தீர்மானம் நிறைவேறியது.

நான் கை தூக்கியபோது பக்கத்திலிருந்த நண்பர் என் சட்டைக் கையைப் பிடித்து, “யூவன், தூங்கிட்டீங்களா? இது நம்ம பக்கம் இல்ல”ன்னார். “விழிச்சிட்டுத்தான் இருக்கேன்”னேன். “எம்பத்திரண்டு வயசுல விழிச்சு என்னய்யா பிரயோஜனம்!” என்று அவர் சொன்னது மூன்று வரிசைக்குக் கேட்டது. ஹூயா கை தூக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் நேரே வந்தாள். “எதிராத்தான் போட்டேன், டாக்டர். அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன்” என்றாள்.

மாலை 5.40-க்கு மனுவை மின்னஞ்சலில் லண்டனுக்கு அனுப்பினோம். விரைவுபடுத்தக் காரணமும் எழுதினேன். உன் பெயரைக் குறிப்பிட்டேன். அங்கே சனிக்கிழமையாயினும் பதில் இரவே வந்துவிட்டது. பெற்றுக்கொண்டார்கள். 2025 பிப்ரவரிக்கு முன் எடுத்துக்கொள்ள இயலாது. தனி நபரின் உடல்நிலை கருத்தில் கொள்ளத்தக்க காரணம் அன்று.

ஆகவே, பெஹி, அது நடவாது. உன் நோயை நீ என்னைவிட நன்கு அறிவாய்.

இத்துடன் நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. நீ நன்றாகத் தூங்குவதாக எழுதிய வரியை ஐந்து வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

என் முதற்கடிதத்தில், விதி 22 அன்று என் கவனத்துக்கு வரவில்லை என்று எழுதினேன். அது பொய். 4 ஜூன் 1974, செவ்வாய், காலை 9.10-க்கு உன் உறையைப் பிரித்தேன். விதிகள் என் மேசைக் கண்ணாடியின் கீழ் இருந்தன. விதி 22-ஐ விரல் வைத்துப் படித்தேன். உன் கடிதம் உரிய காலத்தில் வந்தது என்று எனக்குத் தெரியும். ஏற்றிருந்தால், தலைப்பில்லாத பக்கம் கேட்கிறான் என்று அதை ஆட்சிக்குழுவின் முன் நானே வைக்க வேண்டும். “உங்க ரூம்மேட்தானே, மெர்சர்? நீங்களும் அந்தக் கட்சியா?” என்று அவர்கள் கேட்பார்கள். அடுத்த மாதம் என் பதவியை நிரந்தரமாக்க இருந்தார்கள். தேதி எனக்கு வசதியாக இருந்தது. தேதியைக் காட்டினால் எவரும் என்னிடம் கேள்வி கேட்க மாட்டார்கள், கேட்கவும் இல்லை.

விடுமுறை நாள் உன்னை வெளியே தள்ளவில்லை. நீ ஐம்பது ஆண்டுகள் நினைத்திருந்ததே சரி.

யூவன்

இணைப்பு: வாக்கு எண்ணிக்கைத் தாளின் நகல் ஒன்று; லண்டனிலிருந்து வந்த பதிலின் நகல் ஒன்று.


ஓபுனாகே

யூவன்,

நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், படித்துக்கொள்.

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் நீ. எனக்கு மிஞ்சியிருந்தது எட்டு வாரம். ஜூனிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருந்தது. யாரும் என்னைக் கெடுக்கவில்லை, நாள்காட்டிதான் கெடுத்தது என்று இருந்தேன். அதில் நிம்மதி இருந்தது. இப்போது அதையும் எடுத்துக்கொண்டாய். உன் நெஞ்சு லேசாவதற்காக என் கையில் கொடுத்தாய்.

சாகக் கிடப்பவரிடம் வந்து உண்மையைக் கொட்டிவிட்டுப் போகும் உறவினர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாசலிலேயே நிறுத்துவேன். “உங்க பாரத்தை வெளிய வெச்சுட்டு வாங்க, இங்க கட்டில் ஒண்ணுதான் இருக்கு” என்பேன். உன்னை நிறுத்த ஆள் இல்லை.

கோபம் கூட வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும். பாதி வழியில் போனவர்களின் பெயர்களை எழுதி உனக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன். ஏழு எழுதினேன். பிறகு கிழித்துவிட்டேன். அவர்கள் உன் கோப்பில் இருக்க வேண்டாம்.

புத்தகத்தைக் கொண்டு வராதே. நீயும் வராதே.

பெ.


கடிதம் எண் 4
செவ்வாய்க்கிழமை, 22 அக்டோபர் 2024, முற்பகல் 6.30
டனீடன்

பெஹி,

நேற்று, திங்கட்கிழமை, முற்பகல் 11.50-க்கு ஹூயா தொலைபேசியில் அழைத்தாள். நீ விடியற்காலையில் இறந்துவிட்டாய் என்றாள். வியாழக்கிழமை அடக்கம் வரை உன்னை ஊர்க்கூடத்தில் கிடத்தியிருப்பார்கள் என்றாள்.

நான் வரலாமா என்று கேட்டேன். “வேண்டாம், டாக்டர். அப்பா சொன்னதை நான் மீற மாட்டேன். ஆனா கடிதம் வேண்டாம்னு அவர் சொல்லல. எழுதுங்க, பக்கத்துல உக்காந்து படிக்கறேன். எங்க வழக்கத்துல, போனவங்களைப் பத்திப் பேச மாட்டோம், போனவங்ககிட்டயே நேராப் பேசுவோம். திட்டலாம், சண்டை போடலாம், ‘ஏண்டா போன?’ன்னு கேக்கலாம். புதைக்கிற வரைக்கும் அவர் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பார்” என்றாள். “மன்னிப்புக் கேட்கலாமா?” என்றேன். “கேக்கலாம். பதில் வராதுன்னு தெரிஞ்சு கேக்கறதுல என்ன கஷ்டம் உங்களுக்கு?” என்றாள்.

ஆதலால் மன்னிப்புக் கேட்கவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நேற்றுப் பிற்பகல் 3 மணிக்குக் கழகச் செயலாளர் என் அறைக்கு வந்தார். நல்ல பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். கண் கலங்கியிருந்தது. 1974-ஆம் ஆண்டுப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னார். தேறியவர்கள் அவரவர் பெயரின் அகரவரிசை எண்ணுக்கு நேரே ஒப்பமிட்டிருக்கிறார்கள். உன் எண் பதினேழு. மற்ற வரிகளெல்லாம் நிறைந்திருக்கின்றன. “மரியாதைக்கு நாமளே அவர் பேரை எழுதிடலாமே, டாக்டர்? அழகா, நல்ல கையெழுத்துல? குடும்பத்துக்கும் ஆறுதலா இருக்கும். ஆட்சிக்குழு ஒத்துக்கும்” என்றார். இரக்கத்தோடுதான் சொன்னார்.

அந்தப் பக்கத்தின் தலைப்பில் கிரீடமும் அந்தச் சொல்லும் இருக்கின்றன. பிப்ரவரியில் அரசர் இசைந்தாலும் இனி வரும் பக்கங்களுக்குத்தான் புதிய தலைப்பு. பழையவை அப்படியே இருக்கும். உயிரோடு இருந்தவரை நீ எழுத மறுத்ததை, நீ மறுக்க முடியாத நாளில் வேறொருவர் கை எழுதுவதா? கூடாது என்றேன். “அப்ப அவர் பேர் எங்கயுமே இருக்காதே, டாக்டர்?” என்றார். இருக்காது என்றேன். “என்ன மனுஷர் நீங்க!” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்னுடைய குற்றம் வெளியே தெரியக் கூடாது என்று தடுக்கிறேன் என எண்ணியிருப்பார். அவ்வாறே எண்ணட்டும், அதற்கு நான் தகுதியானவன்.

பின்னர் ஆட்சிக்குழுவுக்கு, நான் 1974-இல் செய்ததை நாள், நேரம், விதி எண்ணுடன் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் அதைப் ‘பதிவு செய்து கொள்வார்கள்’. வேறொன்றும் நேராது. தண்டிப்பதற்கு எனக்கு வயது கடந்துவிட்டது.

பதவி விலகலாம் என்று இரவெல்லாம் நினைத்தேன். விலகவில்லை. சாவி என்னிடம் இருக்கும் வரை அந்த வரியை எவரும் தொட முடியாது. ஆனால் எனக்கு எண்பத்திரண்டு. எனக்குப் பின் நல்ல மனம் படைத்த யாராவது ஒருவர், உன்னைக் கௌரவிப்பதாக எண்ணிக்கொண்டு, ஒரு நல்ல பேனாவால் அதை நிரப்பிவிடுவார். நான் என்ன குறிப்பு எழுதி வைத்தாலும் நிரப்பிவிடுவார். அதைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

மூலப்படிகளைக் கழகத்துக்கு வெளியே அனுப்ப ஆவணக் காப்பாளருக்கு அதிகாரம் கிடையாது. இன்றைய விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். ஹூயா அவற்றை உன்னுடன் வைக்கட்டும், அல்லது எரிக்கட்டும்.

யூவன்

இணைப்பு:
1. 29 மே 1974 தேதியிட்ட உன் கடிதம், மூலப்படி. சிவப்பு மையில் உள்ளவை என் எழுத்து.
2. மேற்படி கடிதத்தின் உறை, மூலப்படி.
3. பதிவேட்டின் 212-ஆம் பக்கம், நகல். பதினேழாவது வரியில் ஒன்றும் இல்லை. அது நகலெடுத்ததில் நேர்ந்த குறை அன்று.